தனியாகவா வந்தீர்கள்?

தனியே ஊர்சுற்றும் பெண்கள் எழுதுகிற பயண எழுத்து இன்று ஒரு தனி வகைமையாகிவிட்டது. தென்னமெரிக்காவைப் பற்றியது என்றால் பெரும்பாலும் லிமாவில் தொடங்கும். நள்ளிரவில் விமானம் இறங்கும். கண்ட டாக்சியில் ஏறாதே, தெருவில் கைப்பேசியை வெளியே எடுக்காதே என்று யாரோ எச்சரித்திருப்பார்கள். மறுநாள் மிராஃப்ளோரஸின் பாறை விளிம்பில் நின்று பசிபிக் கடலைப் பார்ப்பாள். மதியம் எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன், செவிச்சே. மாலையில் பர்ராங்கோவின் சுவரோவியங்கள், பெருமூச்சுப் பாலம். இரண்டு நாளில் பயம் கழன்றுவிடும். கடைசிப் பத்தியில் தன்னைத் தானே கண்டுபிடித்துவிடுவாள்.

இந்த எழுத்தின்மீது எனக்கு வெறுப்பில்லை. நானும் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள்தான். புறப்படும் தைரியத்தை எனக்குக் கொடுத்தவை இப்படிப்பட்ட கட்டுரைகள். ஆனால் ஐம்பது கட்டுரைகளை அடுத்தடுத்து வாசித்தால் ஒன்று தெரியும். அவை எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான்: நான் எவ்வளவு சுதந்திரமாக உணர்ந்தேன்? ஊர் அந்தக் கேள்விக்குப் பின்னால் தொங்கும் ஒரு திரைச்சீலை. விடுதியில் படுக்கை விரிப்பை மாற்றும் பெண், சந்தையில் மக்காச்சோளம் விற்கும் பெண், இவர்கள் எல்லாம் புன்னகைப்பார்கள். புன்னகைப்பதைத் தவிர அவர்களுக்கு அந்தப் பக்கங்களில் வேறு வேலை இல்லை.

இந்த வகைமையின் தொடக்கத்தைத் தேடிப் போனால் லிமாவிலேயே ஒருத்தி நிற்கிறார். ஃப்ளோரா திரிஸ்தான். 1833இல் பிரான்சிலிருந்து தனியே கப்பலேறி பெரு நாட்டுக்குப் போனவர். அந்தப் பயணத்தை ‘ஒரு பறைச்சியின் அலைதல்கள்’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பில் 1838இல் பிரெஞ்சில் நூலாக வெளியிட்டார். தலைப்பில் உள்ள ‘பரியா’ என்ற சொல் நம்மிடமிருந்து போன சொல். ஒரு சாதியின் பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், ஒதுக்கப்பட்ட எவரும் எடுத்து அணிந்துகொள்ளக்கூடிய உருவகமாக ஆகிவிட்டிருந்தது. அந்தப் பெயரால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் அதைக் கழற்றி வைக்க முடியாமல் இருந்த காலத்தில், பாரிஸில் ஒரு பெண் அதைத் தன் துயரத்துக்குச் சூட்டிக்கொள்கிறார். தமிழில் இந்த நூலைப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நூலுக்குள் ஃப்ளோரா செய்யப்போகும் நல்லதும் கெட்டதும் இந்தத் தலைப்பிலேயே இருக்கின்றன: ஒடுக்கப்பட்டவர்களோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளும் உண்மையான வேகமும், அப்படிச் சேரும்போது அவர்கள் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் வழக்கமும்.

அவருடைய துயரம் பொய்யல்ல. 1803இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை பெருவின் அரெகிபா நகரத்துப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர், தாய் பிரெஞ்சுக்காரர். அவர்கள் திருமணத்தைச் செய்துவைத்தவர் ஒரு பாதிரியார். சட்டப்படி அது பதிவாகவில்லை. ஃப்ளோராவுக்கு நான்கு வயதாகும்போது தந்தை இறந்துவிட, மகள் சட்டத்தின் கண்ணில் முறைதவறிப் பிறந்தவளானாள். வறுமை. அச்சுப் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குப் போய், 1821இல் அந்தப் பட்டறை முதலாளி ஆந்த்ரே ஷஸாலையே மணந்தார். 1825இல் மூன்றாவது குழந்தையை வயிற்றில் சுமந்தபடி அவனை விட்டு வெளியேறினார். பிரான்சில் விவாகரத்து 1816இலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. கணவனை விட்டு ஓடியவள் என்ற பட்டத்தோடு எட்டு ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார். பிறகு அரெகிபாவில் இருக்கும் சித்தப்பா பியோ திரிஸ்தானிடம் தந்தையின் சொத்தில் தன் பங்கைக் கேட்கலாம் என்று புறப்பட்டார். தன் முப்பதாவது பிறந்தநாளன்று போர்தோவில் கப்பலேறினார். 133 நாள் கடலில். கப்பலில் இருந்த ஒரே பெண்.

அவர் கப்பலேறியது ‘செல்வி’ திரிஸ்தானாக. கணவனும் இல்லை, குழந்தைகளும் இல்லை. கடைசி மகள் ஆலினைப் பிரான்சில் ஒரு பெண்மணியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கப்பல் தலைவர் ஷப்ரியே காதலித்து மணந்துகொள்ளக் கேட்டபோதும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. கல்யாணமானவள் என்று தெரிந்தால் சித்தப்பா வீட்டுக் கதவு திறக்காது. கன்னி என்றால் பரிவு, விதவை என்றால் மரியாதை. கணவனை விட்டு வந்தவளுக்கு ஒன்றுமில்லை. தனியே பயணம் செய்யும் பெண் என்னவாகத் தோன்ற வேண்டும் என்பதை அவர் கணக்கிட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவருடைய லிமாப் பக்கங்களை வாசிக்க வேண்டும். சித்தப்பா அன்பாக வரவேற்று, சொத்துக்கு உரிமை இல்லை என்று சொல்லி, ஒரு சிறு உதவித்தொகையோடு நிறுத்திக்கொண்டார். 1834இன் நடுவில் ஃப்ளோரா லிமாவுக்கு வருகிறார். ஏறக்குறைய இரண்டு மாதம். ஒரு பிரெஞ்சுப் பெண்மணி நடத்திய விடுதியில் தங்குகிறார். உறவினர் வீட்டுக் கண்காணிப்பு இல்லாமல் கழித்த நாட்கள் இவைதான். நூலின் நடையும் இங்கே இளகுகிறது. தேவாலயங்கள், மாட்டுச் சண்டை, நாடாளுமன்றம், கூட்டம், வம்பு எல்லாவற்றையும் போய்ப் பார்க்கிறார். பூமியில் லிமாவைப்போலப் பெண்கள் சுதந்திரமாக இருக்கும் இடம் வேறில்லை என்று அறிவிக்கிறார்.

காரணம் ஒரு உடை. ‘சாயா’ என்பது நெருக்கமாக மடிப்பு வைத்த பாவாடை. ‘மாந்தோ’ என்பது இடுப்பில் கட்டி, முதுகு வழியாகத் தலைக்குமேல் இழுத்து, முகத்தை மூடிப் பிடித்துக்கொள்ளும் கறுப்புப் பட்டுத் துணி. ஒரு கண் மட்டும் வெளியே தெரியும். இப்படி மூடிய பெண்ணுக்குத் ‘தபாதா’ என்று பெயர். யார் வீட்டுப் பெண், எந்தத் தட்டைச் சேர்ந்தவள், எதுவும் தெரியாது. அவள் தனியே நடப்பாள், ஆண்களைக் கேலி செய்வாள், அரசியல் பேசுவாள். கணவன் எதிரே வந்தாலும் அடையாளம் காண மாட்டான். காலனிய அரசும் திருச்சபையும் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இதைத் தடைசெய்யப் பார்த்துத் தோற்றன. உயர்ந்தவள் தாழ்ந்தவள் என்று பிரித்தறிய முடியாமல் போனதுதான் அவர்களுக்கு உறுத்தல். கடைசியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த உடை மறைந்தது. எந்தச் சட்டமும் அதை ஒழிக்கவில்லை. பாரிஸ் நாகரிகம் வந்து ஒழித்தது.

முகத்திரைக்குள் சுதந்திரம் கண்ட முதல் பயணி ஃப்ளோரா அல்லர். அவருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே மேரி வோர்ட்லி மொன்டேகு துருக்கியிலிருந்து எழுதிய கடிதங்களில் இதே வாதம் உண்டு. ஐரோப்பியப் பெண் எங்கோ போய், மூடிய பெண்ணைப் பார்த்து, என்னைவிட இவள் சுதந்திரமானவள் என்று வியப்பது ஒரு பழைய வாய்பாடு. அதில் பாதி தன் ஊர்மீதான கோபம். ஃப்ளோராவைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரே ஒரு தபாதா. ‘செல்வி’ என்ற சொல்தான் அவருடைய மாந்தோ. அதற்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால்தான் பதினைந்து மாதம் உலகைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிமாவின் தெருக்களில் தன் நிலைமையை ஒரு நாகரிகமாக, விளையாட்டாக, கூட்டமாக அணிந்துகொண்டு திரியும் பெண்களைக் கண்டபோது அவருக்கு ஏற்பட்ட பரவசம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அந்தப் பரவசத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுகிறார். முகத்தைத் திறந்ததும் முடிந்துபோகிற சுதந்திரம் என்ன சுதந்திரம்? வீட்டுக்குப் போய் மாந்தோவைக் கழற்றிய பிறகு அந்தப் பெண் யாருக்குக் கட்டுப்பட்டவள்? ஷஸாலின் மனைவியாக இருந்த ஒருத்திக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியிருந்தால், மகிழ்ச்சியைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாஞ்சோ ஃபியெர்ரோ அந்தக் காலத்து லிமாவை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளியவர். கறுப்பின அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர். அவருடைய படங்களில் தபாதாக்கள் நிறைய உண்டு. இன்று லிமாவின் நினைவுப்பொருள் கடைகளில் தொங்குவது அவர்களின் சாயல்தான். அதே ஃபியெர்ரோ தெருவில் கூவி விற்கும் பெண்களையும் வரைந்தார். அவர்கள் கையிலோ தலையிலோ எதையாவது சுமந்துகொண்டிருப்பார்கள். துணியை முகத்தின்மேல் இழுத்துப் பிடிக்க ஒரு கை எப்போதும் வேண்டும். அந்தக் கை சும்மா இருக்கும் பெண்ணுக்குத்தான் தபாதாவாக நடக்க வாய்த்தது.

சுமப்பவர்களை ஃப்ளோரா பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. லிமாவுக்கு வருமுன் அரெகிபாவில் உள்நாட்டுப் போரை நேரில் கண்டார். அப்போது படையோடு போகும் ‘ரபோனா’க்களைப் பற்றி எழுதிய பக்கங்கள், என் கணக்கில், தபாதாக்களைப் பற்றிய புகழ்பெற்ற பக்கங்களைவிடப் பெறுமதியானவை. ரபோனாக்கள் பெரும்பாலும் பழங்குடிப் பெண்கள். பானை, கூடாரம், குழந்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு படைக்கு முன்னால் போவார்கள். சிப்பாய்கள் வந்து சேருமுன் இடம் பிடித்து, உணவு தேடி, கொடுக்க மறுக்கும் ஊரோடு சண்டையிட்டுப் பறித்து, சமைத்து வைப்பார்கள். சம்பளம் கிடையாது. படை நகர்வது இவர்களால்தான் என்று ஃப்ளோரா தெளிவாகவே சொல்கிறார். இந்த வாழ்க்கையை அந்தப் பெண்கள் ஆண்களைவிட உறுதியாகத் தாங்குகிறார்கள் என்பதிலிருந்து, பெண் பலவீனமானவள் என்ற ஐரோப்பிய வாதத்தை அடிக்கிறார். வாதம் சரி. ஆனால் அடிக்க எடுத்த கல்லைப்பற்றி அவர் அதிகம் யோசிக்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியிடம்கூட உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை. இன்றைய பேக்பேக்கர் தன் 12 கிலோ பையைப் பற்றி இரண்டு பத்தி எழுதும்போதெல்லாம் எனக்கு ரபோனா நினைவுக்கு வருகிறாள்.

நூலின் உச்சம் நகருக்கு வெளியே இருக்கிறது. லிமாவிலிருந்து தெற்கே, கடற்கரை ஊரான சொர்ரியோஸை ஒட்டி, லவாயே என்பவருக்குச் சொந்தமான கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் இருந்தன. சுற்றிப்பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாகத்தான் ஃப்ளோரா அங்கே போகிறார். இன்று ஒரு காப்பித் தோட்டத்துக்கு ஒருநாள் சுற்றுலா போவதைப்போல. முதலாளி பண்பானவர், ஆலையைக் காட்டுகிறார், தன் சிரமங்களைச் சொல்கிறார்: அடிமைகள் சாகிறார்கள், குழந்தைகள் பிழைப்பதில்லை, புதிதாக வாங்கவும் வழியில்லை. ஃப்ளோரா அவரோடு வாதிடுகிறார். பிறகு ஓர் இருட்டறையில் இரண்டு கறுப்பினப் பெண்கள் அடைபட்டிருப்பதைப் பார்க்கிறார். தாய்ப்பால் கொடுக்காமல் தங்கள் குழந்தைகளைச் சாகவிட்டார்கள் என்பது அவர்கள்மீதான குற்றம். அவர்களில் இளையவள் ஃப்ளோராவை நிமிர்ந்து பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு ஃப்ளோரா வார்த்தை கொடுக்கிறார்: உன்னைப்போல என் குழந்தை சுதந்திரமாக இருக்க முடியாது என்று தெரிந்ததால் சாகவிட்டேன், அடிமையாக வாழ்வதைவிட அதுவே மேல் என்ற பொருளில்.

இந்த இடத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒருமுறை ஒரு மாதிரியும் மறுமுறை வேறு மாதிரியும் படுகிறது. முதலில் எழுவது எதிர்ப்புதான். அந்தப் பெண் பேசவில்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பசியால் பால் வற்றியிருக்கலாம், நோயாக இருக்கலாம், குற்றச்சாட்டே முதலாளியின் கணக்கில் குறைந்த தலைக்குச் சொல்லப்பட்ட காரணமாகவும் இருக்கலாம். அவளுடைய செயலுக்கு ஓர் உன்னதமான பொருளைக் கொடுத்து, தன் நூலில் ஒரு பாத்திரமாக நிறுத்திவிட்டு ஃப்ளோரா லிமாவுக்குத் திரும்பிவிடுகிறார். அதிலும், இதே நூலின் தொடக்கத்தில், வழியில் கேப் வெர்டே தீவில் இறங்கியபோது கறுப்பின மக்களின் உடல் வாசனையைப் பற்றி அருவருப்போடு எழுதியவர் இவர். அதை மறைத்துவிட்டு அவரை விடுதலையின் தாயாக்கும் வாசிப்புகளோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் எதிர்ப்பு மட்டும் போதவில்லை. இரட்டை வசனத்தின் நடுவே அந்த ஒரு தொடர் இருக்கிறது: உன்னைப்போல. நூல் முழுவதும் தன்னை ஒதுக்கப்பட்டவளாக, எல்லாக் கதவும் மூடப்பட்டவளாகச் சொல்லிவந்த ஃப்ளோரா, முதல்முறையாக இன்னொரு பெண்ணின் கண்ணில் தன்னைச் சுதந்திரமானவளாகப் பார்க்கிறார். தலைப்பு அங்கே ஆட்டம் காண்கிறது. பரியா என்ற சட்டை தனக்குப் பெரிதாக இருப்பதை அவர் உணர்ந்தாரா என்று தெரியாது; அவருடைய வாக்கியம் உணர்ந்திருக்கிறது. தனியே பயணம் செய்யும் பெண்ணின் எழுத்தில் இந்தத் திருப்பம் மிக அரிது. பார்க்கிறவள் பார்க்கப்படுகிறாள், அப்படிப் பார்க்கப்படுவது அவளுக்கு இதமாக இல்லை. எனக்கோ அந்த இருட்டறையின் வாசலில் பிரான்சில் விடப்பட்ட ஆலினின் நினைவு வருகிறது. குழந்தையை விட்டு வந்தவளும் குழந்தையைச் சாகவிட்டவளாகச் சொல்லப்படுபவளும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருத்தி தாய் என்பதை மறைத்ததால் இங்கே நிற்க முடிகிறது. இன்னொருத்தி தாயாக இருந்ததற்காக அடைபட்டிருக்கிறாள். பெருவில் அடிமை முறை ஒழிய அதன் பிறகு இருபது ஆண்டுகள் ஆயின, 1854இல்.

ஊருக்குத் திரும்பிய ஃப்ளோரா, பயண நூலுக்கு முன்பே, 1835இல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அயலூர்ப் பெண்களை நல்லபடி வரவேற்க வேண்டியதன் தேவை பற்றியது அது. இன்றைய பயண எழுத்தாளர்கள் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதைத்தான். பாரிஸ்போன்ற நகரத்துக்குத் தனியே வரும் பெண்ணை விடுதிக்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எந்த அறையைத் தள்ளிவிடுகிறார்கள், அவள் தனியே வந்ததே அவள்மீதான சந்தேகத்துக்குப் போதுமானதாக எப்படி ஆகிறது என்று சொல்கிறார். தனியாகவா வந்தீர்கள் என்ற கேள்வி நமக்குத் தெரிந்ததுதான். திருச்சியிலோ திருநெல்வேலியிலோ லாட்ஜ் மேசையின் முன் நின்ற எந்தப் பெண்ணும் கேட்டிருப்பாள். இந்த அவமானத்துக்கு ஃப்ளோரா சொல்லும் மருந்து தைரியம் அல்ல. ஒரு சங்கம். வருகிற பெண்களுக்கு உதவ ஆட்கள், கூடுவதற்கு ஓர் இடம், அங்கே ஒரு நூலகம். படிக்க வருபவர்களை மட்டுமன்றி, தொழிலுக்காக வருபவர்களையும், துயரத்தை மறைத்துக்கொள்ளப் பெருநகரத்துக்கு ஓடிவருபவர்களையும் பயணிகளாகவே கணக்கில் எடுக்கிறார். அந்த மூன்றாவது வகையை இன்றைய எந்தப் பயண வழிகாட்டியும் கணக்கில் எடுப்பதில்லை.

2016 பிப்ரவரியில் ஈகுவடோரின் கடற்கரை ஊரான மொன்டனீதாவில் முதுகுப்பையுடன் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு அர்ஜென்டினப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஏன் தனியாகப் போனார்கள் என்று கேட்டார்கள். இருவர் சேர்ந்து போயிருந்தார்கள். இரண்டு பெண்கள் என்றால் தனி. ஓர் ஆண் கூட வந்தால்தான் துணை. அந்தக் கேள்விக்குப் பதிலாக ‘நான் தனியே பயணிக்கிறேன்’ என்று ஸ்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் லிமாவின் தெருக்கள் ‘இனி ஒருத்திகூடக் குறையக் கூடாது’ என்ற ஊர்வலத்தால் நிரம்பின. ஊர்வலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் எந்தப் பயணமும் போகாதவர்கள். வீட்டுக்குள் அடிபட்டவர்கள், தங்கையை இழந்தவர்கள். தெருவில் அந்நியனிடம் ஜாக்கிரதை என்று பயணிக்குச் சொல்லப்படும் அறிவுரை அவர்களுக்கு எந்த விதத்திலும் பயன்பட்டிருக்காது.

ஃப்ளோராவுக்கும் பயன்படவில்லை. 133 நாள் கடலிலும், பாலைவனத்திலும், உள்நாட்டுப் போரிலும், லிமாவின் இரவுகளிலும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நூலில் மாந்தோவைக் கழற்றி, கணவன் பெயரையும் சித்தப்பா பெயரையும் அப்படியே எழுதினார். சித்தப்பா உதவித்தொகையை நிறுத்தினார். 1838 செப்டம்பரில், பாரிஸில், தான் குடியிருந்த தெருவில், ஷஸால் அவரைச் சுட்டான். குண்டு உடம்பிலேயே தங்கிவிட்டது.

நான் முதலில் வாசித்தது 1986இல் விராகோ வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. சுருக்கப்பட்ட பதிப்பு. பெண்ணியப் பதிப்பகம் ஒன்று இந்த நூலை மீட்டெடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பயணம், சாகசம், அயல்நாட்டு நடை உடை என்று தேடுகிற வாசகருக்காக நூலைச் சுருக்கும்போது வாதங்கள்தான் முதலில் மெலியும். மரியோ வர்கஸ் யோசா 2003இல் ஃப்ளோராவையும் அவர் பேரன் பால் கோகானையும் வைத்து ஒரு நாவல் எழுதினார். ஃப்ளோராவை நோக்கி ‘ஃப்ளோரிதா’ என்று செல்லமாக அழைத்துப் பேசும் குரல் அதில் அடிக்கடி வரும். எனக்கு அது ஒட்டவில்லை. சித்தப்பாவின் குரல் அது.

லிமாவுக்குப் போகிறவர்கள் இன்றும் பர்ராங்கோவிலிருந்து தெற்கே சொர்ரியோஸைக் கடந்து வில்லா சதுப்புநிலத்துக்குப் போகிறார்கள். லவாயேயின் தோட்டத்துக்கும் வில்லா என்றே பெயர். நான் வாசித்த பயணக் குறிப்புகளில் அங்கே வரும் கொக்குகளும் நாரைகளும் பெயர் பெயராக இருந்தன.